பட்டா யார் பேர்ல இருக்கு?

நம்ம கூட்டமைப்புக் கூட்டத்துல கடன் பேச்சு முடிஞ்சதும் அடுத்து வருவது பெரும்பாலும் பட்டாப் பேச்சுதான். "அக்கா, கையில பத்திரம் இருக்கு, பட்டா மட்டும் மாறல." "பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்து எட்டு மாசம் ஆச்சு, ஒரு பதிலும் இல்ல." "வீடு எங்களது, வரி கட்றது நாங்க, ஆனா பட்டாவுல எங்க மாமனாரோட அப்பா பேர் இருக்கு." இருபது வருஷத்துக்கும் மேல இதே கேள்விகளைக் கேட்டுக்கிட்டு வர்றேன். கேக்கிற முகம்தான் மாறுது.

மலர்க் குழுவினர் என்னை ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னாங்க. கூட்டமைப்பு தொடங்கின கதை, தலைவிகள் பட்டியல், கடன் கொடுத்த கணக்கு எல்லாம் மத்தவங்க எழுதறாங்க. அதனால நான் இந்தக் கேள்விகளோட வரலாற்றை எழுதலாம்னு எடுத்துக்கிட்டேன். இதுக்கு வயசு இருநூறு வருஷத்துக்கு மேல. தொடங்கின இடமும் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம்தான்.

அந்தக் காலத்துல நம்ம பகுதிக்குப் பேர் பாராமகால். திப்பு சுல்தான் கையில இருந்தது. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போச்சு. வரி வசூலிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினாங்க. அவருக்கு உதவியாளரா வந்தவங்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. சென்னைக்குப் போனவங்க தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உட்கார்ந்திருக்கிற ஒரு வெள்ளைக்காரர் சிலையைப் பார்த்திருப்பீங்க. அவர்தான். பின்னால 1820ல் சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனார். ஆனா அவர் வேலை கத்துக்கிட்டது நம்ம ஊர்க் காட்டுமேட்டுல.

ஊருக்கு ஒரு பெரிய மனுஷரைப் பிடிச்சு, "இந்த ஊர் வரி இவ்வளவு, கொண்டு வந்து கட்டு"ன்னு விடறது ஒரு வழக்கம். ரீடும் மன்றோவும் வேற வழி பிடிச்சாங்க. ஒவ்வொரு காட்டையும் அளந்து, உழறவன் பேரை எழுதி, அதுக்கு வரி இவ்வளவுன்னு வைச்சு, ஒரு காகிதம் கொடுத்தாங்க. அந்தக் காகிதம்தான் பட்டா. இந்த ஏற்பாட்டுக்கு ரயத்துவாரி முறைன்னு பேர். அப்புறம் மாகாணம் முழுக்க பரவியது. ஜமீன் இருந்த பகுதிகள்ல 1948ல் சட்டம் போட்டு ஜமீனை ஒழிச்ச பிறகுதான் ரயத்துவாரி வந்தது.

இதைப் பெரிசா எழுதறதுக்குக் காரணம் இருக்கு. பட்டா கண்டுபிடிச்சது "இந்த நிலத்துக்கு யார் வரி கட்டணும்?" என்ற ஒரே கேள்விக்காக. "இந்த நிலம் யாரோடது?" என்பது அதுல ரெண்டாம்பட்சம். இன்னிக்கும் கோர்ட்டுல, பட்டா மட்டும் வைச்சுக்கிட்டு சொத்து என்னுதுன்னு முழுசா நிரூபிக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்றாங்க. அனுபவத்துக்கு அது சாட்சி, வரிக் கணக்குக்கு அது ஆதாரம், அவ்வளவுதான். வரி கட்டறவர்னா குடும்பத்துல மூத்த ஆம்பளை. களை எடுத்தது, நாத்து நட்டது, ராகி அறுத்தது யாருங்கிறது அந்தக் காகிதத்துக்குத் தேவைப்படல. அப்படித் தொடங்கின பழக்கம் லேசுல போகல.

சரி, பத்திரம் எங்கிருந்து வந்தது? ஓலையிலயும் முத்திரைத்தாள்லயும் எழுதி, நாலு பேர் சாட்சி வைச்சு நிலம் விக்கிறது பழைய வழக்கம். போலி ஓலை, பொய்ச் சாட்சி என்று தகராறு பெருகினதால 1864ல் பத்திரப்பதிவுக்குன்னு சட்டம் வந்தது. 1882ல் வந்த சொத்து மாற்றச் சட்டம், 100 ரூபாயும் அதுக்கு மேலயும் மதிப்புள்ள நிலம், வீட்டை விக்கணும்னா பதிவு பண்ணிய பத்திரம் கட்டாயம்னு சொன்னது. அந்த 100 ரூபாய் வரம்பை இன்னும் மாத்தல! இப்போ நடைமுறையில இருக்கிற பதிவுச் சட்டம் 1908ல் எழுதி, 1909 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

சார்பதிவாளர் ஆபீசுல என்ன கேப்பாங்கன்னு போய் வந்தவங்களுக்குத் தெரியும். கையெழுத்து உங்களுதா, எழுதியிருக்கிறது தெரியுமா, பணம் வாங்கிட்டீங்களா. சட்டம் அவருக்குக் கொடுத்த முக்கிய வேலை அது. விக்கிறவருக்கு அந்த நிலம் உண்மையிலேயே சொந்தமான்னு தீர்ப்புச் சொல்ற அதிகாரம் அவருக்கு இல்லை. அதனால பதிவான பத்திரமும் "இன்னார் இன்னாருக்கு இந்தத் தேதியில எழுதிக் கொடுத்தார்" என்பதுக்குத்தான் சாட்சி. விக்கிறவருக்கே உரிமை இல்லைன்னா வாங்கினவருக்கும் வராது. சில நாடுகள்ல அரசாங்கமே "இந்த வீட்டுக்கு இவர்தான் சொந்தக்காரர்"னு உத்தரவாதம் தரும். தெற்கு ஆஸ்திரேலியாவுல 1858லயே அப்படிச் சட்டம் வந்தாச்சு. நம்ம நாட்டுல அந்த ஏற்பாடு இல்லாததால, வாங்கறவங்கதான் தேடிப் பார்த்துக்கணும். வில்லங்கம் போட்டுப் பார்க்கணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

வில்லங்கச் சான்று பத்தி ஒண்ணு சொல்லணும். அதுல பதிவான பத்திரம் மட்டும்தான் தெரியும். வாய்ப்பேச்சாப் பிரிச்சுக்கிட்ட பாகம், பெட்டிக்குள்ள கிடக்கிற பதிவாகாத உயில், கோர்ட்டுல நடக்கிற வழக்கு, கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு வர வேண்டிய பங்கு, இதெல்லாம் அதுல தெரியும்னு எதிர்பார்க்க முடியாது. வில்லங்கம் சுத்தமா இருக்குன்னு நம்பி குழுக் கடனையும் போட்டு மனை வாங்கி, அப்புறம் விக்கிறவரோட தங்கச்சி வழக்குப் போட்ட கதை நமக்குள்ளேயே உண்டு.

ஆக, பட்டா வருவாய்த் துறை. பத்திரம் பதிவுத் துறை. ரெண்டும் வேற வேற காலத்துல, வேற வேற காரணத்துக்குப் பிறந்தது. நூறு வருஷத்துக்கும் மேல ஒரே தாலுகாவுல பக்கத்துப் பக்கத்து கட்டடத்துல இருந்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு பேசிக்கல. "பத்திரம் என் பேர்ல ஆச்சு, பட்டா ஏன் தானா மாறல?" என்ற முதல் கேள்விக்கு இதுதான் பதில். இப்போ கம்ப்யூட்டர் வந்து ரெண்டையும் இணைச்சிருக்காங்க. முழு சர்வே எண்ணோ முழு உட்பிரிவோ அப்படியே கைமாறினா, பதிவு ஆனதும் பட்டா தானா மாறுற ஏற்பாடு இருக்கு. ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தா சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு பண்ணித்தான் ஆகணும். நம்ம உறுப்பினர்கள் வாங்கறது ரெண்டு சென்ட், மூணு சென்ட். அதனால நாம எப்பவும் அந்த ரெண்டாவது வரிசையிலதான் நிக்கிறோம்.

ஊர்க் கணக்கு யார் கையில இருந்ததுங்கிறதையும் சொல்லணும். எங்க சின்ன வயசுல கர்ணம் வீடுன்னா ஒரு பயம். ஊரோட சிட்டா, அடங்கல் எல்லாம் துணிமூட்டையில கட்டி அவர் வீட்டு அட்டத்துல இருக்கும். அப்பா, மகன், பேரன்னு பரம்பரையா வந்த வேலை. நிலம் பத்தி ஒரு சந்தேகம்னா எங்க அப்பா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுப் போய் திண்ணைக்குக் கீழ நிப்பார். பொம்பளைங்க போய்க் கேக்கிறது என்ற பேச்சே இல்ல. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பரம்பரைப் பதவியை ஒழிச்சது. அதுக்கப்புறம்தான் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நம்ம வி.ஏ.ஓ. அந்த வேலைக்குப் பொண்ணுங்களும் வந்தாங்க. என்னைக் கேட்டா, கிராமத்துப் பெண்கள் நிலக் கணக்கைக் கேட்டுப் பார்க்க முடிஞ்சதுக்கு எந்தத் திட்டத்தையும் விட இதுதான் பெரிய காரணம். சட்டம் போட்டவங்க அதை நினைச்சாங்களோ இல்லையோ.

இதே காலத்துலதான் யு.டி.ஆர். நடந்தது. தமிழ்ல நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். 1979ல் தொடங்கி 1987 வரைக்கும் ஊர் ஊரா வந்து, அனுபவத்துல யார் இருக்காங்கன்னு பார்த்து, பழைய பட்டாக்களை எல்லாம் புதுசா எழுதினாங்க. ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்ததும் அதுலதான். (பட்டாவுல 0-02.50 ன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க. ரெண்டரை ஏர். ஒரு ஏர்னா கிட்டத்தட்ட 2.47 சென்ட். ஆக ஆறு சென்ட்டும் கொஞ்சமும்.) நல்ல வேலைதான். ஆனா அவசரமா நடந்த வேலை. அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தா பெரியவர் பேர் மட்டும் ஏறியது, பக்கத்துக் காட்டுக்காரர் பேர் மாறி ஏறியது, ஒருத்தர் நிலம் புறம்போக்குன்னு விழுந்தது, இப்படி நிறைய. இன்னிக்கு "யு.டி.ஆர். தவறு"ன்னே மனுவுக்குத் தலைப்புப் போடற அளவுக்கு அது தனி வகையா ஆயிடுச்சு. அதைத் திருத்தற மனு வருவாய் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரைக்கும் போகும்.

யு.டி.ஆர். வயல், காட்டுக்கு. நாம குடியிருக்கிற வீடு பெரும்பாலும் நத்தத்துல இருக்கு. நத்தம்னா ஊர் குடியிருப்புக்குன்னு ஆதியில ஒதுக்கின இடம். அதுக்கு நிலவரி கிடையாது. வரி இல்லாததால ஆளாளுக்குப் பட்டாவும் கிடையாது. அ-பதிவேட்டுல மொத்தமா "கிராம நத்தம்"னு ஒரே எண்ணுல போட்டிருப்பாங்க. அதுக்காக அது அரசாங்க நிலம்னு அர்த்தமில்லை. 1905ல் போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டமே வீட்டுமனைக்காரர் இடத்தை அரசு நிலத்துல சேர்க்காம விலக்கி வைச்சிருக்கு. 1980களோட கடைசியில நத்தம் நிலவரித் திட்டம்னு கொண்டு வந்து, வீடு வீடா அளந்து, முதல்ல தோராயப் பட்டா கொடுத்து, ஆட்சேபனை கேட்டு, அப்புறம் தூய பட்டா கொடுத்தாங்க. உங்க வீட்டுல "தோராயம்"னு எழுதின காகிதம் இருந்தா அது அந்தக் காலத்துது. தூயதா மாறிச்சான்னு தாலுகாவுல கேளுங்க.

எங்க வீட்டுக் கதை இங்கதான் வருது. நத்தம் அளக்க வந்த அன்னிக்கு என் வீட்டுக்காரர் கரும்பு வெட்டப் போயிருந்தார். வீட்டுல நானும் அத்தையும். அளந்தவர் வாசல்ல நின்னு, "வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா?"ன்னு கேட்டார். எதிர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்த பெரிய மாமனார் எழுந்து வந்து தன் பேரைச் சொன்னார். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை, குடும்பத்துக்குப் பெரியவர்னு சொன்னார். எங்க வீடும் அவர் வீடும் சேர்ந்து ஒரே பட்டாவா, அவர் பேர்ல ஏறிப்போச்சு. பல வருஷம் அதைப் பத்தி யாருக்கும் தெரியாது. 2011ல் ஓட்டு வீட்டை இடிச்சுக் கட்ட வங்கியில கேட்டப்போதான் வெளிய வந்தது. அதுக்குள்ள பெரிய மாமனார் இறந்து, அவர் பிள்ளைங்க மூணு பேர், பொண்ணு ரெண்டு பேர்.

மனு கொடுத்தேன். மூணு மாசம் கழிச்சுப் போனா மனு காணோம். திரும்பக் கொடுத்தேன். சர்வேயருக்குப் போயிருக்குன்னாங்க; அவர் மாறுதலாகிப் போயிட்டார். புதுசா வந்தவர் வேற ஊர் வேலையில இருந்தார். அளந்தாச்சு, ஆனா பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் போகல. நோட்டீஸ் போச்சு, ஒருத்தர் ஆட்சேபனை. அந்த ஆபீசோட பேரை இங்க எழுத விரும்பல. அங்க நல்லவங்களும் இருந்தாங்க. ஆனா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, ஒரு நாள் கூலியை விட்டுட்டு, பஸ்சுக்குக் காசு கொடுத்துப் போய், "சார் கேம்ப், நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பி வர்றது எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு உதவினது நம்ம குழுப் பழக்கம்தான். தீர்மான நோட்டுல எழுதற மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். எந்தத் தேதி, யாரைப் பார்த்தேன், என்ன சொன்னாங்க, மனு எண் என்ன. ரெண்டாவது வருஷம் ஜமாபந்தியில அதிகாரி, "எத்தனை தடவை வந்தீங்கம்மா?"ன்னு கேட்டார். நோட்டை மேசை மேல வைச்சேன். பதினேழு தடவை தேதியோட இருந்தது. 2014ல் பட்டா வந்தது. என் பேரும் என் வீட்டுக்காரர் பேரும் கூட்டா.

ஜமாபந்தின்னு சொன்னேனே, அதுவும் பழசுதான். அக்பர் காலத்துல வந்த பசலி ஆண்டுக் கணக்கை இன்னும் வருவாய்த் துறையில வைச்சிருக்காங்க. ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடியும். நம்ம ஆண்டுல 590 கழிச்சா பசலி வரும். 2025 ஜூலையில் தொடங்கினது பசலி 1435. அந்த ஆண்டு முடியறதுக்கு முன்னாடி, மே, ஜூன் மாசத்துல ஊர்க் கணக்கை எல்லாம் தாலுகாவுல வைச்சுப் பார்க்கிறதுதான் ஜமாபந்தி. அந்த நாள்ல கொடுக்கிற மனுவுக்கு ஒரு மரியாதை இருக்கு, ஏன்னா உங்க ஊர்க் கணக்கும் வி.ஏ.ஓ.வும் அதிகாரியும் ஒரே இடத்துல இருக்காங்க.

இனி சட்டத்துப் பக்கம். 1929ல் செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. 1937ல் விதவைக்குக் கணவன் சொத்துல ஒரு பங்குன்னு சட்டம் வந்தது. ஆனா ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம், விக்க முடியாது. 1956ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. பெண் கைக்கு வந்த சொத்து அவளுக்கே முழுச் சொந்தம்னு சொன்னது. ஆனா அதே சட்டத்துல 23வது பிரிவு ஒண்ணு இருந்தது. ஆண் வாரிசுகள் குடியிருக்கிற பூர்வீக வீட்டை, அவங்களா பிரிக்க முடிவு பண்ற வரைக்கும் பொண்ணு பாகம் கேக்க முடியாது. கல்யாணம் ஆகாதவ, கைவிடப்பட்டவ, விதவையா வந்தவ குடியிருக்கலாம், அவ்வளவுதான். பங்கு உண்டு, வாய் திறக்கக் கூடாது. 2005 வரைக்கும் அந்தப் பிரிவு இருந்தது.

தமிழ்நாட்டுல அதுக்கு முன்னாடியே 1989ல் கலைஞர் அரசு ஒரு திருத்தம் கொண்டு வந்தது. பூர்வீகச் சொத்துல மகனுக்கு இருக்கிற உரிமை மகளுக்கும் பிறப்பால உண்டு. ஆனா 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது. எனக்குக் கல்யாணம் 1987ல். என் தங்கச்சிக்கு 1991ல். ஒரே வயித்துல பிறந்த ரெண்டு பேர்ல ஒருத்திக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. அவளுக்கும் பேருக்குத்தான், 1998ல் எங்க அண்ணன்மார் பாகப்பிரிவினை பதிவு பண்ணப்போ அவகிட்ட விடுதலைப் பத்திரத்துல கைநாட்டு வாங்கிட்டாங்க. ஒரு பட்டுப்புடவை, பத்தாயிரம் ரூபாய். 2005 செப்டம்பர் 9ல் மத்திய அரசுத் திருத்தம் வந்து கல்யாணத் தேதிக் கணக்கு எடுபட்டது. தகப்பன் அன்னிக்கு உயிரோட இருந்திருக்கணும்னு கூட அவசியமில்லைன்னு 2020 ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது. எங்க வீட்டுது 1998. எனக்கு வழி திறந்தப்போ காட்டுல எனக்குன்னு வரப்பு இல்ல. (கிறிஸ்தவர்களுக்கு 1925ம் வருஷ வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஷரியத் முறை. நம்ம கூட்டமைப்புல எல்லாரும் இருக்கோம், அதனால அவங்கவங்க சட்டத்தைத் தனியாக் கேட்டுக்கணும்.)

1989 நமக்கு இன்னொரு விதத்துலயும் முக்கியமான வருஷம். பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தோட உதவியில, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மூலமா, மாநிலத்துலயே முதல்ல மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான் தொடங்கினது. கிருஷ்ணகிரி அப்போ நம்மகூட ஒண்ணா இருந்தது. நபார்டு 500 குழுக்களை வங்கியோட இணைச்சுப் பார்க்கிற முயற்சியை 1992ல் தொடங்கினது; அதே வருஷம்தான் நான் சேர்ந்தேன். அதுக்கு முன்னாடி வங்கிக்குப் போனா முதல் கேள்வி, "பட்டா, சிட்டா இருக்கா?" எங்க யார் பேர்லயும் இல்லை. அடமானம் இல்லாம, ஒருத்திக்கு ஒருத்தி ஜவாப்தாரியா நின்னு கடன் வாங்கற ஏற்பாடு வந்ததே, காகிதம் இல்லாத எங்களை மாதிரி பொம்பளைங்களுக்காகத்தான். மன்றோ காலத்துப் பட்டாவுல இடமில்லாதவங்க, அதே மாவட்டத்துல குழு நோட்டுல பேர் எழுதிக்கிட்டோம்.

இப்போ நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. அரசு கொடுக்கிற வீட்டுமனைப் பட்டா பெரும்பாலும் பெண் பேர்ல வருது. பிரதமர் வீடு திட்டத்துல பெண் பேர்லயோ கணவன் மனைவி கூட்டாவோ கொடுக்கிறாங்க. 2025 ஏப்ரல் 1 முதல், பெண் பேர்ல 10 லட்சம் வரை மதிப்புள்ள வீடு, மனை, நிலம் பதிவு பண்ணினா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைவு. எட்டு லட்ச ரூபாய் மனைக்கு எட்டாயிரம் மிச்சம். வீட்டுக்காரர் பேர்லயே எழுதலாம்னு பேச்சு வந்தா இந்தக் கணக்கைச் சொல்லுங்க. உரிமைன்னு சொன்னா சண்டைக்கு வர்றவங்க, மிச்சம்னு சொன்னா கேக்கிறாங்க.

தாமதம் ஏன்னு கேக்கறீங்களே, நான் பார்த்த வரைக்கும் சொல்றேன். 2011ல் வந்த அரசாணைப்படி உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் 15 நாள்லயும், உட்பிரிவு உள்ளது 30 நாள்லயும் முடியணும். முடியாமப் போறதுக்கு ஆபீஸ் ஒரு காரணம், சர்வேயர் இல்லாதது ஒரு காரணம். ஆனா பாதிக் கேசுல முடிச்சு நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கு. செத்தவங்க பேர்ல பட்டாவை விட்டு வைக்கிறோம். தாத்தா செத்தப்போ மாத்தல, அப்பா செத்தப்போ மாத்தல. மூணாவது தலைமுறையில ஒருத்தர் மாத்தப் போனா ரெண்டு வாரிசுச் சான்று, ரெண்டு இறப்புச் சான்று, இருபது பேர் கையெழுத்து. அந்தக் காலத்துச் சாவுக்கு இறப்புச் சான்றே இருக்காது. பேர் வித்தியாசம் இன்னொரு தலைவலி. பத்திரத்துல சின்னப்பாப்பா, ஆதார்ல பாப்பம்மாள், ரேஷன் கார்டுல பாப்பாத்தி. மூணும் ஒரே ஆள்னு சொல்றதுக்கே ஆறு மாசம். அனுமதி இல்லாத லேஅவுட்டுல மனை வாங்கினவங்க பாடு தனி. 2016 செப்டம்பர் 9ல் உயர் நீதிமன்றம் அந்த மாதிரி மனைகளைப் பதிவு பண்ணத் தடை போட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட மனைப்பிரிவுகளை வரைமுறைப்படுத்த 2017ல் விதி வந்தது. அதுல பணம் கட்டி வரைமுறை பண்ணாம இன்னும் வைச்சிருக்கிறவங்க நம்மள்ல உண்டு.

மனுவைத் தள்ளுபடி பண்ணினா எழுத்துல காரணம் வாங்குங்க. தாசில்தார் உத்தரவு மேல கோட்டாட்சியர்கிட்ட மேல்முறையீடு, அதுக்கு மேல மாவட்ட வருவாய் அலுவலர். 1983ம் வருஷப் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்துலயே இந்த வழி இருக்கு. பட்டாவையும் வில்லங்கத்தையும் இப்போ செல்போன்லயே காசில்லாமப் பார்க்கலாம். உங்க பிள்ளைங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டா நாலு மாசத்துக்குள்ள பதிவுக்குக் கொண்டு போகணும், அது தாண்டினா அபராதம். நடக்க முடியாத பாட்டி எழுதிக் கொடுக்கணும்னா சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைச்சுப் பதியலாம், அதுக்கும் 1908 சட்டத்துல இடம் இருக்கு. அப்பா மகளுக்கோ புருஷன் பொண்டாட்டிக்கோ எழுதற செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம்தான். அதுக்கு உச்சவரம்பும் உண்டு.

இந்த ஜமாபந்திக்கு நம்ம கூட்டமைப்புல இருந்து சிலர் மனுவோட போறாங்க. அதுல ஒரு அக்காவோட மனு அஞ்சு வருஷமா நிக்குது. அவங்க வீட்டுக்காரரோட தாத்தா பேர்ல பட்டா. வாரிசு மொத்தம் பதினாலு பேர். ஓசூர், பெங்களூரு, திருப்பூர்னு போய் பதிமூணு பேர்கிட்ட சம்மதம் வாங்கிட்டாங்க. பாக்கி இருக்கிறது சேலத்துல இருக்கிற ஒரு அத்தை மட்டும். எண்பது வயசு. போன மாசம் நானும் அந்த அக்காவோட போனேன். காபி கொடுத்தாங்க, பேத்தி கல்யாணப் படம் காட்டினாங்க. கையெழுத்துப் பேச்சு வந்ததும், "போட மாட்டேன்னு சொல்லல கண்ணு. எங்க அப்பா வீட்டுல என் பங்கு எவ்வளவுன்னு முதல்ல ஒரு காகிதத்துல எழுதிக் காட்டுங்க. இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்ல. பார்த்துட்டுப் போடறேன்"ன்னாங்க. அந்த அக்கா முகம் வாடிப்போச்சு. பஸ்ல வர்றப்போ ஊர் வர்ற வரைக்கும் பேசல. மறுநாள் என்கிட்ட வந்து, "கணக்குப் போட்டுக் கொடுக்கா"ன்னாங்க. போட்டுக்கிட்டிருக்கோம்.